தையில் பூ, ஆடியில் பழம்: நடுவில் என்ன தடை?

கேள்வி: ஐயா, நான் தேனிப் பக்கத்திலிருந்து, கேரள மலையில் மூணாறுக்கு அந்தப் பக்கம் இருக்கும் காந்தளூருக்கு வாக்கப்பட்டு வந்தவள். வீட்டுக்குப் பின்னால் மாமா நட்ட ஐந்து பிளம்ஸ் மரங்கள் இருக்கின்றன. வயது பதினான்கு. ஊரில் எல்லோருடைய பிளம்ஸும் வைகாசியோடு முடிந்துவிடும். எங்களுடையது ஆடி பிறந்த பிறகுதான் பழுக்கும். தோல் மங்கின சிவப்பு, உள்ளே ரத்தச் சிவப்பு. அந்த நேரத்தில் வேறு பழம் இல்லாததால் நல்ல விலையும் கிடைத்தது. இரண்டு வருஷமாகத் தையில் பூ மட்டும் மரம் முழுக்க வருகிறது, பிறகு எல்லாம் தரையில் கொட்டிவிடுகிறது. ஐந்து மரத்துக்கும் சேர்த்து ஒரு கூடைகூடத் தேறவில்லை. யூரியாவும் கோழி எருவும் வைத்தேன். பக்கத்து வீட்டை விற்று ஹோம்ஸ்டே கட்டியபோது அங்கிருந்த பழைய மரங்களை எடுத்துவிட்டார்கள், அதனால் வெயிலும் முன்பைவிட நன்றாகவே விழுகிறது. தோட்டத்தில் பீச் மரம் ஒன்றும் நிற்கிறது, அது நன்றாகக் காய்க்கிறது. ‘இதெல்லாம் ஆண் மரமாக மாறிவிட்டது, வெட்டிப் போட்டுவிட்டுப் பூண்டு போடலாம்’ என்கிறார்கள் அத்தை. மருந்துக் கடையில் ஹார்மோன் தெளிக்கச் சொல்கிறார்கள். சிம்லாவில் இருக்கும் என் தம்பி, உலர்பழம் போடுகிற ஐரோப்பிய பிளம்ஸ் கன்று கொண்டுவருகிறேன் என்கிறான். நான் என்ன செய்வது?

பதில்: அம்மா, முதலில் கோடாரியை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். உங்கள் மரங்களுக்கு ஒரு நோயும் இல்லை. கடிதத்தில் நீங்கள் நல்ல செய்தியாக எழுதியிருக்கும் ஒரு வரியில்தான் சிக்கல் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. பக்கத்து வீட்டில் மரங்களை எடுத்ததால் வெயில் விழுகிறது என்றீர்களே, அந்த வரி.

அதை உறுதி செய்துகொள்ளத்தான் உங்கள் எண்ணுக்குப் பேசினேன். நீங்கள் கடைக்குப் போயிருந்தீர்கள், அத்தை எடுத்தார்கள். வெட்டிய மரங்களில் பிளம்ஸ் இருந்ததா என்று கேட்டேன். “கிணத்துப் பக்கம் ஒண்ணு நின்னுச்சு, சின்னச் சின்னக் காய், புளிக்கும், சித்திரை கடைசியிலேயே பழுத்து உதிரும், ஊறுகாய்தான் போடுவோம். அது எதுக்கு உங்களுக்கு?” என்றார்கள். அதுதான் அம்மா, உங்கள் ஐந்து மரத்தையும் இத்தனை வருஷமாகக் காய்க்க வைத்துக்கொண்டிருந்த மரம்.

ஆண் மரம் என்ற பேச்சை முதலில் முடித்துவிடுவோம். பப்பாளியில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி என்பது உண்மை. அதை வைத்துத்தான் காய்க்காத எந்த மரத்தையும் ஊரில் ஆண் மரம் என்றுவிடுகிறார்கள். பிளம்ஸில் அப்படி இல்லை. ஒவ்வொரு பூவிலும் நடுவில் சூலகம் ஒன்று, சுற்றிலும் இருபதுக்கு மேல் மகரந்தக் காம்புகள். ஆணும் பெண்ணும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். ஆனால் உங்களுடையது போன்ற ஜப்பானிய பிளம்ஸ் ரகங்களில் பெரும்பாலானவை தன் சொந்த மகரந்தத்தை ஏற்காது. மகரந்தத் துகள் சூலகமுடியில் விழும், முளைக்கும், குழாய் விட்டு உள்ளே இறங்கத் தொடங்கும். பாதி வழியில் சூலகத்தண்டு, இது நம்முடைய ஆள்தான் என்று அடையாளம் கண்டு வளர்ச்சியை நிறுத்திவிடும். நம் ஊரில் ஒரே கோத்திரத்தில் பெண் எடுப்பதில்லையே, அதே கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ‘ஒரு மரம் இல்லையே, ஐந்து மரம் இருக்கிறதே, ஒன்றுக்கொன்று சேரட்டுமே’ என்று தோன்றும். உங்கள் மாமா ஒரே ஆளிடம் ஒரே நாளில் வாங்கிய ஒட்டுக் கன்றுகள் அவை. ஒட்டுக் கன்று என்பது ஒரு தாய் மரத்தின் குச்சியை வேறு வேரில் கட்டி வளர்த்தது. ஐந்து கன்றிலும் மேலே நிற்பது அந்தத் தாய் மரத்தின் உடம்பேதான். வேர் ஐந்து, மரம் ஒன்று. ஒரே ரகத்தில் நூறு மரம் நட்டாலும் மகரந்தக் கணக்கில் அது ஒற்றை மரம்.

இதை நானும் அடிபட்டுத்தான் கற்றேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கொடைக்கானல் மலையில் ஒரு விவசாயி, பூக்கிறது, காய்க்கவில்லை என்று வந்து நின்றார். ஒரே ரகத்தில் பன்னிரண்டு மரம். நான் பொட்டாஷ் எழுதிக் கொடுத்தேன், கிளைகளை வெட்டிக் கடுமையாகக் கவாத்து செய்யச் சொன்னேன். மறு வருஷம் இலை பிரமாதமாக வந்தது, காய் வரவில்லை. அதற்கும் மறு வருஷம் இன்னொரு உரம். கடைசியில் அந்தப் பக்கம் தேன் பெட்டி வைத்திருந்த பெரியவர் ஒருவர்தான், “ஒத்தை சாதியா நட்டுப்புட்டு ஈ மேல பழி போடுறீங்களே சார்” என்றார். இரண்டு வருஷ விளைச்சலை அந்த விவசாயி என்னால் இழந்தார். அதிலிருந்து யார் பழ மரத்தைப் பற்றிக் கேட்டாலும் உரம் பற்றிப் பேசுவதற்கு முன், பக்கத்தில் என்ன நிற்கிறது என்று கேட்பது என் வழக்கமாகிவிட்டது.

காயாகாத பூ எப்போது விழுகிறது என்பதே ஒரு சாட்சி. பூ உதிர்ந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் குண்டூசித் தலை அளவுப் பிஞ்சு காம்போடு மஞ்சளடித்து விழுந்தால், அது கருவே பிடிக்காத பூ. உங்கள் வீட்டில் நடப்பது இதுதான், அத்தையும் தொலைபேசியில் அப்படித்தான் சொன்னார்கள். கோலிக்குண்டு அளவு வந்த பிறகு விழுந்தால் தண்ணீர்த் தட்டுப்பாடு, சுமை, பூச்சி என்று வேறு காரணம் தேட வேண்டும். பனி கருக்கியிருந்தால் அதுவும் தெரியும். உறைபனி விழுந்த மறுநாள் பத்துப் பூவைப் பறித்து நகத்தால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். நடுச் சூலகம் பச்சையாக இருந்தால் பிழைத்தது, கறுத்திருந்தால் போயிற்று. விரிந்த பூ பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு டிகிரி வரை இறங்கினாலே சேதப்படத் தொடங்கும். மேட்டில் இருக்கும் தோட்டத்தைவிடப் பள்ளத்தில் குளிர் காற்று தேங்கும் தோட்டத்துக்குத்தான் இந்தப் பயம் அதிகம்.

‘குளிர் போதவில்லையோ’ என்று சிலர் சொல்லியிருப்பார்கள். பிளம்ஸ் மரம் இலை உதிர்த்துத் தூங்கி எழுவதற்கு ஏழு டிகிரி செல்சியஸ் அளவுக்குக் கீழே இத்தனை மணி நேரம் என்று ஒரு கணக்கு உண்டு. குறைந்த குளிர் கேட்கும் ஜப்பானிய ரகங்களுக்கு 150 முதல் 400 மணி நேரம் போதும். குளிர் போதாத மரம் எப்படி இருக்கும் என்றால், பூ விட்டு விட்டு வரும், ஒரு கிளையில் இலை, ஒரு கிளையில் மொட்டு என்று மாதக்கணக்கில் இழுக்கும். உங்கள் மரம் தையில் ஒரே மூச்சில் வெளுத்துப் பூக்கிறது. குளிரைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

சரி, இப்போது ‘பிந்திய ரகம்’ என்ற சொல்லுக்கு வருவோம். ஊரே வைகாசியில் பழம் பறிக்கும்போது உங்கள் மரம் ஆடியில் பழுப்பதால், அதற்குத் துணையும் ஆடியில் பழுக்கும் ரகமாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். பிந்திப் பழுப்பது வேறு, பிந்திப் பூப்பது வேறு. பூவிலிருந்து பழம் வரை ஒரு ரகத்துக்கு மூன்றரை மாதம் ஆகும், இன்னொன்றுக்கு ஆறு மாதம் ஆகும். இரண்டும் ஒரே வாரத்தில் பூக்கலாம். கிணற்றடியில் நின்ற அந்தப் புளிப்பு மரம் சித்திரையில் பழுத்தது, உங்களுடையது ஆடியில் பழுத்தது, ஆனால் தையில் இரண்டும் சேர்ந்து பூத்தன. துணை தேடும்போது பழுக்கும் மாதத்தைக் கேட்காதீர்கள், பூக்கும் வாரத்தைக் கேளுங்கள்.

உங்களுடையது எந்த ரகம்? மங்கின தோல், ரத்தச் சிவப்புச் சதை, பிந்திப் பழுப்பது என்று பார்த்தால் சத்சுமா என்ற ரகத்தோடு ஒத்துப்போகிறது. அமெரிக்காவில் புதுப் பழ ரகங்களை உருவாக்கிப் பேர்பெற்ற லூதர் பர்பாங்க் 1885-இல் ஜப்பானிலிருந்து வரவழைத்த கன்றுகளில் ஒன்றிலிருந்து பரவியது அது. தன் மகரந்தத்தை ஏற்காத ரகம் என்று பெயர் பெற்றது. ஆனால் நான் சத்தியம் செய்ய மாட்டேன். நம் மலைகளில் ஒரே கன்று மூன்று பெயரில் விற்பதும், மூன்று கன்று ஒரே பெயரில் விற்பதும் புதிதில்லை. பெயரை நம்பிக் காசு கொடுப்பதைவிடப் பூவை நம்புவது மேல்.

துணைக்குச் சிறந்தது எது என்று கேட்டால் நான் சொல்வது சாண்டா ரோசா. இதையும் அதே பர்பாங்க்தான் உருவாக்கி 1906-இல் வெளியிட்டார், தான் வாழ்ந்த ஊரின் பெயரையே வைத்தார். ஹிமாச்சலில் தோட்டம் தோட்டமாக நிற்பது. ஓரளவு தன் மகரந்தத்திலேயே காய்க்கும், மற்ற ஜப்பானிய ரகங்களுக்கும் தாராளமாகக் கொடுக்கும். பியூட்டி, மெத்லி இரண்டும் குளிர் குறைவாகக் கேட்பவை, தாமாகவே காய்ப்பவை, ஆனால் கொஞ்சம் முந்திப் பூக்கும். இவை எதுவுமே கிடைக்கவில்லையா? பரவாயில்லை. காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி, மறையூர் என்று அஞ்சுநாட்டில் எத்தனை வீட்டுக் கொல்லையில் பழைய பிளம்ஸ் மரம் நிற்கிறது! காய் சிறிதா, புளிக்குமா என்பதெல்லாம் நமக்கு வேண்டாம். உங்கள் மரத்தோடு ஒரே வாரத்தில் பூக்கிற, வேறு ரகமான மரம். அவ்வளவுதான் நிபந்தனை.

தம்பி கொண்டுவரும் ஐரோப்பியக் கன்று அந்த நிபந்தனையில் தேறாது. பெயர்தான் பிளம்ஸ், சாதியே வேறு. ஜப்பானிய பிளம்ஸின் செல்லில் 16 குரோமோசோம், ஐரோப்பியதில் 48. அதன் மகரந்தத்தை நம்பி இதில் காய் எதிர்பார்க்க முடியாது. போதாக்குறைக்கு அது பிந்திப் பூக்கும், குளிரும் எழுநூறு, ஆயிரம் மணி நேரம் என்று கேட்கும். காந்தளூரில் இலையோடு நின்று உங்களை வேடிக்கை பார்க்கும். தம்பியிடம் கன்று வேண்டாம், சாண்டா ரோசா குச்சி நாலு கொண்டுவா என்று சொல்லுங்கள். பீச் மரமும் துணையாகாது. அது தன் மகரந்தத்திலேயே காய்க்கும் மரம், அதனால்தான் யாரையும் எதிர்பார்க்காமல் குலுங்கிக்கொண்டு நிற்கிறது.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இப்போது ஐப்பசி. பூவுக்கு இன்னும் மூன்று மாதம் இருப்பதால் எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கிறது.

நிரந்தரத் தீர்வு ஒட்டுக் கட்டுவது. புதுக் கன்று நட்டுப் பூக்க நாலு வருஷம் காத்திருப்பதைவிட, உங்கள் மரத்திலேயே இரண்டு கிளைகளில் வேறு ரகத்தை ஏற்றிவிட்டால் இரண்டாம் மூன்றாம் வருஷமே பூ வந்துவிடும். மார்கழியில் மரம் இலையில்லாமல் தூங்கும்போது, துணை மரத்தில் போன வருஷம் வளர்ந்த, பென்சில் கனமுள்ள குச்சிகளை வெட்டுங்கள். ஈரத் துணியில் சுற்றி, பாலிதீன் பையில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில் வைக்கலாம். அதே தட்டில் ஆப்பிளோ மற்றப் பழமோ இருக்கக் கூடாது. பழுக்கும் பழம் விடுகிற எத்திலீன் வாயு குச்சியின் மொட்டைக் கொன்றுவிடும். ஒருவர் வருஷா வருஷம் ஒட்டு பிடிக்கவில்லை என்று புலம்பினார், போய்ப் பார்த்தால் குச்சிக் கட்டு கொய்யாப்பழத்துக்கு நடுவில் படுத்திருந்தது.

மார்கழிக் கடைசியில், உங்கள் மரத்தின் மொட்டு பருக்கத் தொடங்கும் முன், நாக்கு போலச் செதுக்கிச் செருகும் நாக்கு ஒட்டோ, ஆப்பு போலச் சீவிச் செருகும் ஆப்பு ஒட்டோ கட்டலாம். குச்சியில் மூன்று நாலு மொட்டு போதும். பட்டைக்குக் கீழே இருக்கும் பச்சைப் படலம் இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று தொட வேண்டும், குச்சி மெலிந்திருந்தால் ஒரு பக்கமாவது தொட வேண்டும். பாலிதீன் நாடாவால் இறுக்கிச் சுற்றி, குச்சியின் மேல் வெட்டில் மெழுகு தடவுங்கள். கட்டிப் பழக்கம் இல்லையென்றால் முதல் தடவை கை தெரிந்த ஆளை வைத்துச் செய்யுங்கள். உங்கள் ஊர் வேளாண் அலுவலகமான கிருஷி பவனில் விசாரித்தால் பக்கத்தில் யார் கட்டுகிறார்கள் என்று தெரியும். ஐந்து மரத்திலும் கட்ட வேண்டாம். வரிசையில் நடு மரத்தில் ஒன்று, ஓர மரம் ஒன்றில் ஒன்று, வெயில் விழும் மேல் கிளைகளில். முடிந்தால் இரண்டிலும் இரண்டு வேறு ரகம். குளிர் குறைந்த வருஷங்களில் ஒரு ரகம் முந்தும், இன்னொன்று பிந்தும், அப்போது ஏதாவது ஒன்றாவது உங்கள் மரத்தோடு சேர்ந்து பூக்கும்.

கட்டிய கிளையில் சிவப்பு பெயின்ட்டால் ஒரு வளையம் போட்டுவிடுங்கள். சிரிக்க வேண்டாம். மூன்று வருஷம் பாடுபட்டு வளர்த்த ஒட்டுக் கிளையைக் கவாத்துக்கு வந்த ஆள், ‘இது ஒரு மாதிரி வேற இலையா இருக்கு’ என்று சுத்தமாக அறுத்துப் போட்ட தோட்டங்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒட்டு பூக்கும் வரை இரண்டு தை மாதம் சும்மா போகுமே என்றால், அதற்கு வழி பூங்கொத்து வைப்பது. ஊரில் துணை மரம் வைத்திருப்பவரிடம் கேட்டு, பாதி விரிந்த பூக்கிளைகளை இரண்டு மூன்றடி நீளத்தில் வெட்டி வாருங்கள். வாளியில் தண்ணீர் ஊற்றி அதில் நிறுத்தி, உங்கள் மரத்தின் கவட்டையில் உயரமாகக் கட்டிவிடுங்கள். மரத்துக்கு ஒரு வாளி. இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றி, பூ வாடினால் புதுக் கிளை வையுங்கள். மீதியைத் தேனீ பார்த்துக்கொள்ளும். கிளை தரும் மரத்தில் பிசின் வடிதலோ பட்டை வெடிப்போ இருந்தால் மட்டும் வேண்டாம், நோயையும் சேர்த்து வாங்கி வந்துவிடுவோம்.

தேனீ என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பிளம்ஸ் மகரந்தம் ஒட்டும் தன்மை உள்ளது, காற்றில் பறந்து வந்து சேராது. ஈ வந்தாக வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் தாய்லாந்தின் பெயர் கொண்ட ‘தாய் சாக்புரூட்’ என்ற தேனீப் புழு நோய் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் நம் இந்தியத் தேனீக் கூட்டங்களை வாரிக்கொண்டு போனது. பிறகு மெல்ல மீண்டு வந்தது. மலைக் குளிருக்கு அதுதான் ஏற்ற ஈ, இத்தாலியத் தேனீயைவிடக் குளிரில் முந்தி வேலைக்குக் கிளம்பும். யாரிடமாவது பெட்டி வாடகைக்குக் கிடைத்தால், மொட்டு விடும்போதே கொண்டுவந்து வைக்காதீர்கள். பத்துக்கு ஒரு பூ விரிந்த பிறகு வையுங்கள். முன்னமே வைத்தால் அது வேறு பூவைப் பழகிக்கொண்டு அங்கேயே போகும். அக்கம்பக்கத்தில் பீன்ஸுக்கும் முட்டைக்கோஸுக்கும் மருந்தடிப்பவர்களிடம், அந்தப் பத்து நாள் மட்டும் பொழுது சாய்ந்து ஈ அடங்கிய பிறகு அடிக்கச் சொல்லிக் கேளுங்கள். சொன்னால் கேட்பவர்கள்தான், யாரும் சொல்வதில்லை.

அத்தைக்கு நம்பிக்கை வர ஒரு சோதனையும் செய்யலாம். துணை மரத்தில் மறுநாள் விரியப்போகிற, பலூன் மாதிரி உப்பிய மொட்டுகளை நூறு பறித்து வாருங்கள். இதழைக் கிள்ளிவிட்டு டீ வடிகட்டியில் லேசாகத் தேய்த்தால் மகரந்தப்பைகள் கீழே உதிரும். வெள்ளைத் தாளில் பரப்பி, வெயில் படாத கதகதப்பான இடத்தில், அடுப்படி அலமாரி மாதிரி இடத்தில், ஒரு ராத்திரி வைத்தால் பைகள் வெடித்து மஞ்சள் தூள் வரும். சின்னக் கண்ணாடிப் புட்டியில் எடுத்துக்கொண்டு, உங்கள் மரத்தில் ஒரே கனமுள்ள இரண்டு கிளைகளைத் தேர்ந்தெடுத்து, இரண்டிலும் ஐம்பது ஐம்பது பூ மட்டும் விடுங்கள். ஒன்றில் சிவப்பு நூல் கட்டி, காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மணிக்குள், புதிதாக விரிந்த பூக்களின் நடுவில் மெல்லிய தூரிகையால் அந்தத் தூளைத் தொட்டு வையுங்கள். சூலகமுடி ஈரமாக மினுங்கினால் அது தயார். ஒரு பூ தயாராக இருப்பது மூன்று நாலு நாள்தான், அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு முறை தொடுங்கள். இன்னொரு கிளையை அப்படியே விட்டுவிடுங்கள். வாளியில் பூங்கொத்து வைக்கும் மரத்தில் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம், கணக்கு குழம்பிவிடும். மாசிக் கடைசியில் இரண்டு கிளையையும் அத்தையையே எண்ணச் சொல்லுங்கள். நூறு பூவில் ஆறேழு காயானாலே பிளம்ஸில் அது நிறைந்த காய்ப்பு, எல்லாப் பூவும் காயாக வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

உரம் பற்றி ஒரே வார்த்தை: யூரியாவை நிறுத்துங்கள். கோழி எரு கூடை அளவில் போதும், அதுவும் பழம் பறித்த பிறகு. ஹார்மோனுக்குச் செலவழிக்காதீர்கள், கரு பிடிக்காத பூவுக்கு அதனால் பிரயோஜனமில்லை. மரத்தை எழுப்ப ஹைட்ரஜன் சயனமைடு என்று ஒன்றும் விற்பார்கள். உங்கள் மரம் தானாகவே நன்றாக எழுகிறது, அதோடு அது தோலிலும் மூச்சிலும் படக்கூடாத நஞ்சு, தெளித்தவர் அந்த நாட்களில் மது குடித்தால் உயிருக்கே ஆபத்து. வீட்டுத் தோட்டத்துக்குள் அதை விடாதீர்கள்.

இனி காய் பிடித்த பிறகு நடப்பதற்கு வருகிறேன், ஏனென்றால் பிந்திய ரகத்தின் உண்மையான சோதனை அங்கேதான். முந்திய ரகங்கள், இடவப்பாதி என்று கேரளத்தில் சொல்லும் தென்மேற்கு மழைத் தொடக்கத்துக்கு முன்பே வீடு சேர்ந்துவிடும். உங்களுடையது தென்மேற்கு மழையில் நின்று பழுக்க வேண்டும். மூணாறில் இந்த ரகம் வைத்தால் மழையில் வெடித்து அழுகிப் போகும். காந்தளூரில் சாத்தியமாவது, 2,695 மீட்டர் உயர ஆனைமுடியும் அதன் தோழர்களும் மேற்கே நின்று மழையைத் தடுத்துக்கொள்வதால்தான். உங்களுக்கு வருவது பெரும்பாலும் சாரலும் காற்றும். அதிலும் பழம் பழத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தால் நடுவில் ஈரம் தங்கிப் பழுப்பு அழுகல் வரும்.

ஆகவே பங்குனியில், காய் கோலிக்குண்டு அளவு இருக்கும்போது, கைவிரல் நாலு இடைவெளிக்கு ஒரு காய் விட்டு மீதியைக் கிள்ளிவிட வேண்டும். இரண்டு வருஷம் காயில்லாமல் இருந்த வீட்டில், வந்த காயைக் கையாலே பறித்துப் போடுவது அத்தைக்குப் பொறுக்காது. அன்றைக்கு அவர்களை உடுமலை சந்தைக்கு அனுப்பிவிட்டுச் செய்யுங்கள். கிள்ளாமல் விட்டால் காய் நெல்லிக்காய் அளவில் நிற்கும், கிளை முறியும், அடுத்த வருஷப் பூவும் குறையும். அடுத்த தைக்கான பூ மொட்டு கோடையிலேயே உருவாகத் தொடங்கிவிடுகிறது, உங்கள் ரகத்தில் அந்த நேரம் மரம் பழத்தையும் சுமந்துகொண்டிருக்கிறது. பங்குனி, சித்திரையில் வாரம் ஒரு நல்ல தண்ணீர் கட்டாயம். பழம் பறித்ததும் மரத்தை மறந்துவிடவும் கூடாது. ஆவணியிலேயே துரு நோய் வந்து இலை கொட்டினால் அடுத்த வருஷத்துக்கான சேமிப்பு போய்விடும். கார்த்திகை வரை இலை பச்சையாக நிற்கிற மரம்தான் தையில் தெம்பாகப் பூக்கும்.

கவாத்தில் கை அடக்கம் வேண்டும். பழைய கிளைகளில் விரல் நீளத்துக்குக் கரடுமுரடாக நிற்கும் குட்டைக் கிளைகள்தான் வருஷா வருஷம் பூப்பவை. முள் மாதிரி இருக்கிறதே என்று அதைச் சுத்தம் செய்துவிடாதீர்கள். நடுவைத் திறந்துவிட்டுக் கிண்ணம் மாதிரி வடிவத்தில் வைத்தால் காற்று உள்ளே புகுந்து மழை ஈரம் சீக்கிரம் காயும். ஒட்டுக்குக் கீழே வேரிலிருந்து கிளம்பும் போத்துகளை மட்டும் தயங்காமல் எடுங்கள்.

பழ ஈ வரும். ஊரில் மற்றப் பழமெல்லாம் முடிந்த நேரத்தில் உங்கள் மரம் மட்டும் மணக்கிறது, வராமல் என்ன செய்யும்? ஆனி பிறந்ததும், மணத்தால் ஈயை இழுக்கும் மெத்தில் யூஜினால் பொறிகள் நாலு மாட்டுங்கள். அது ஆண் ஈயைத்தான் பிடிக்கும், அதனால் பழத்தில் துளை போடும் பெண் ஈ முற்றாக நின்றுவிடாது. கீழே விழுந்த பழத்தை அன்றன்றே பொறுக்கி, பாலிதீன் பையில் கட்டி வெயிலில் போட்டு அவித்துவிடுங்கள் அல்லது இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். குப்பைக்குழி ஓரத்தில் கொட்டினால் ஈயை நாமே வளர்த்த கதைதான். விற்பதற்கென்று வைத்திருக்கும் கிளைகளில் பழுப்பதற்கு ஒரு மாதம் முன்பு துணிப் பையோ தாள் பையோ மாட்டலாம். வௌவாலுக்கும் அது கொஞ்சம் தடை. யானைக்கு என்னிடம் மருந்தில்லை.

கடைசியாக ஒரு கோரிக்கை. வரும் ஆடியில் பழம் நின்றால் ஒன்றைக் குறுக்கே வெட்டி, கொட்டையையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். சதை கொட்டையோடு ஒட்டியிருக்கிறதா, எளிதாகக் கழன்று வருகிறதா என்றும் எழுதுங்கள். சத்சுமாதானா என்று அப்போது பார்த்துவிடுவோம். அதற்கு முன்னால் மாசியில், சிவப்பு நூல் கட்டிய கிளையில் அத்தை எத்தனை காய் எண்ணினார்கள் என்று ஒரு கார்டு போட்டால் போதும்.